ஒன்றரை ஆண்டுப் பிடிவாதம்

அமெரிக்க வானொலி, தொலைக்காட்சி எழுத்தாளரும் நடிகையுமான கெர்ட்ரூட் பெர்க்கை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்ற கேள்வியை ஒரு நண்பர் பேச்சுவாக்கில் கிளப்பிவிட்டுப் போய்விட்டார். தொழிற்சங்கத்தில் நெடுங்காலம் இருந்தவர் அந்த நண்பர். தன் தொடரில் கணவராக நடித்த பிலிப் லோப் கம்யூனிஸ்ட் சந்தேகத்துக்கு ஆளானபோது, அவரை நீக்கச் சொன்ன விளம்பரதாரரிடம் பெர்க் முதலில் மறுத்தார், ஒன்றரை ஆண்டு கழித்து விட்டுக்கொடுத்தார். "ஒன்றரை வருஷம் நின்ற மனுஷி, கடைசியில் கைகழுவிவிட்டாளே" என்பது நண்பரின் தீர்ப்பு. எனக்கு அந்த அம்மையாரைப் பிடிக்கும். பிடித்தவர்களைப் பற்றி யாராவது சரியாகவே குறை சொல்லிவிட்டால் அது லேசில் அடங்குவதில்லை. அன்றைக்கு நான் ஏதோ சமாளித்துப் பேசிவிட்டேனே தவிர, அவர் சொன்னதை ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. அதன் பிறகு பெர்க்கின் பழைய நிகழ்ச்சிப் பதிவுகளில் கிடைத்தவற்றை எல்லாம் தேடிப் பார்த்ததும், பிலிப் லோபைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்ததும் இந்தக் குடைச்சலால்தான்.

முதலில் அந்த ஜன்னலைச் சொல்லிவிட வேண்டும். 1949ஆம் ஆண்டின் பதிவு ஒன்றில், நிகழ்ச்சி தொடங்கியதும், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி அடுக்குமாடிக் குடியிருப்பின் ஜன்னல் ஒன்று திறக்கிறது. பருத்த உடலும் பூப்போட்ட உடையும் ஏற்றிக் கட்டிய கொண்டையுமாக ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் சட்டத்தின் மேல் இரு கைகளையும் ஊன்றி வெளியே எட்டிப் பார்த்து, நேராக நம்மிடம் பேசத் தொடங்குகிறார். பக்கத்துக் கட்டடத்துக்காரியிடம் பேசுவது போன்ற அதே குரல், அதே ஒய்யாரம். சேங்கா காப்பியின் பெருமையைச் சொல்கிறார்: கஃபீன் நீக்கியது, எத்தனை கோப்பை குடித்தாலும் இரவில் தூக்கம் கெடாது. ஜன்னல் சட்டத்தில் இருக்கும் பூச்செடிகூட சேங்கா காப்பித் தகர டப்பாவில்தான் வளர்கிறது. சொல்லி முடித்ததும், விளம்பரம் முடிந்தது என்ற அடையாளமே இல்லாமல், அப்படியே திரும்பி வீட்டுக்குள் போகிறார். அங்கே கணவர் ஜேக் ஏதோ ஒன்றுக்குக் கத்திக்கொண்டிருக்கிறார், கதை தொடங்கிவிடுகிறது. மோலி கோல்ட்பெர்க் என்ற அந்தப் பாத்திரம் எங்கே முடிந்து காப்பிக் கம்பெனி எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அது தற்செயல் அல்ல. அந்தக் காட்சியை எழுதியவரும் நடித்தவரும் ஒருவரே, பெர்க்.

ஒருவரே என்பதைச் சும்மா சொல்லவில்லை. 1929 நவம்பரில், பங்குச்சந்தை விழுந்து சில வாரங்களே ஆகியிருந்தபோது, என்பிசி வானொலியில் கோல்ட்பெர்க் குடும்பத்தின் கதையைத் தொடங்கியதிலிருந்து அவர் எழுதிய வசனப் பிரதிகள் ஆயிரக்கணக்கில் வரும். பிறந்தபோது அவர் பெயர் டில்லி ஈடல்ஸ்டைன். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்தவர். தந்தை கேட்ஸ்கில் மலைப்பகுதியில் ஃபிளைஷ்மன்ஸ் என்ற ஊரில் கோடைவிடுதி ஒன்றை நடத்தினார். மழை பெய்து விருந்தினர்கள் வெளியே போக முடியாமல் முணுமுணுக்கத் தொடங்கினால், அவர்களைப் பிடித்து வைக்கச் சிறு நாடகங்களை எழுதிப் போடுவது மகளின் வேலை. பணம் கொடுத்துத் தங்கியிருப்பவர்களை மகிழ்விப்பதும் அவர்கள் கிளம்பிவிடாமல் பார்த்துக்கொள்வதும் ஒன்றே என்ற பாடம் அவருக்குப் பதின்வயதிலேயே கிடைத்துவிட்டது. சகோதரன் சிறுவயதிலேயே இறந்துபோன வீடு அது. மகனை இழந்த தாய் பிறகு மீளவே இல்லை. தனக்குக் கிடைக்காத தாயைத்தான் மோலியாக எழுதினார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. இருக்கலாம். இப்படிப்பட்ட விளக்கங்கள் கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒருவர் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் எழுதிக்கொண்டே இருந்ததை அவை விளக்குவதில்லை.

1918இல் பொறியாளர் லூயிஸ் பெர்க்கை மணந்து லூசியானாவின் கரும்புத் தோட்டம் ஒன்றில் கணவரின் சர்க்கரை ஆலை வேலைக்காகச் சில காலம் இருந்துவிட்டு நியூயார்க்குக்குத் திரும்பினார். வானொலி வாய்ப்பு வந்த கதை பலரும் சொல்லக் கேட்டதுதான்: கொண்டுபோன பிரதி கையெழுத்துப் பிரதி, அதிகாரிக்கு அந்தக் கையெழுத்து புரியவில்லை, நீங்களே படித்துக் காட்டுங்கள் என்றார், படித்துக் காட்டியதும் மோலி வேடமும் அவருக்கே வந்தது. வாரம் 75 டாலரில் தொடங்கிய ஊதியம் இரண்டே ஆண்டுகளில், அதுவும் பெருமந்தத்தின் நடுவில், 2,000 டாலரை எட்டியது. 1939இல், ஜெர்மனியில் யூதர்களின் கடைகளும் கோவில்களும் நொறுக்கப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த நிலையில், கோல்ட்பெர்க் வீட்டில் யூதப் பண்டிகையான பாஸ்காவின் விருந்து நடுவே ஜன்னலை உடைத்துக்கொண்டு ஒரு கல் வந்து விழுவதாக அவர் ஒரு பகுதியை எழுதி ஒலிபரப்பினார். பயந்த சுபாவம் உள்ளவர் செய்கிற காரியமல்ல அது. பின்னால் நடந்ததை எடைபோடும்போது இதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

தொலைக்காட்சிக்கு அவர் வந்தது தானாகக் கதவு திறந்து அல்ல. வானொலியில் ஓய்ந்துபோன ஒரு யூதக் குடும்பக் கதை திரையில் எடுபடாது என்ற தயக்கம் சிபிஎஸ் நிறுவனத்துக்கு இருந்தது. அவர் நேரே தலைவர் வில்லியம் பேலியையே பிடித்து, ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார். 1949 ஜனவரியில் 'தி கோல்ட்பெர்க்ஸ்' தொடங்கியபோது அமெரிக்கத் தொலைக்காட்சியில் குடும்ப நகைச்சுவைத் தொடர் என்ற வகைக்கே முன்மாதிரிகள் மிகக் குறைவு. எல்லாம் நேரலை. வசனம் மறந்தால் மறந்ததுதான், கதவு திறக்க மறுத்தால் அதையும் சேர்த்து நடித்தாக வேண்டும். பெர்க்கோ பிராங்க்ஸில் அல்ல, பார்க் அவென்யூவில் வசித்த பணக்காரர். மோலியின் கொச்சை கலந்த ஆங்கிலம் அவருடைய சொந்தப் பேச்சு அல்ல. மோலியின் பெயரில் 1955இல் சமையல் புத்தகம்கூட வந்தது, ஆனால் இவர் சமையலறைப் பக்கம் அதிகம் போனவர் அல்ல. இதையெல்லாம் சிலர் பாசாங்கு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடிகை வேறென்ன செய்ய வேண்டும்?

ஜன்னலின் சொந்தக்காரர்

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்றைய தொடர்களில் விளம்பரம் இடைவேளையில் வருகிறது. பத்து நிறுவனங்கள் நேரத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன, ஒருவர் போனால் இன்னொருவர். 1949இல் முழு நிகழ்ச்சியையும் ஒரே விளம்பரதாரர் தாங்கினார். கோல்ட்பெர்க் குடும்பத்தைத் தாங்கியது சேங்கா காப்பியை விற்ற ஜெனரல் ஃபுட்ஸ். ஒளிபரப்பு நிலையம் நேரத்தை விற்றது, விளம்பரதாரர் வாங்கினார், அந்த நேரத்தில் யார் முகம் தெரியலாம் என்பதில் கடைசி வார்த்தை வாங்கியவருடையது. கதை பெர்க்குடையது, பாத்திரங்கள் பெர்க்குடையவை, நடிகர்களைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. ஆனால் அவர் கை ஊன்றி நின்ற ஜன்னல் வாடகைக்கு எடுத்தது.

அவர் தேர்ந்தெடுத்த ஜேக்தான் பிலிப் லோப். 1948இல் பிராட்வேயில் போட்ட 'மீ அண்ட் மோலி' நாடகத்திலேயே கணவராக நடித்தவர். அப்படியே தொலைக்காட்சிக்கும் கூடவே வந்தார். பதிவுகளைப் பார்த்தால் இவரை ஏன் விட மனமில்லாமல் போயிற்று என்று புரிந்துவிடும். ஜேக் எப்போதும் கொதிநிலையில் இருப்பவர். துணி வியாபாரம், வாடகை, பிள்ளைகள், மாமனார் வழி உறவு என எல்லாவற்றுக்கும் குரலை உயர்த்துபவர். மோசமான நடிகர் கையில் அது வெறும் கத்தலாக முடிந்திருக்கும். லோப் கத்தும்போதே அவர் கண் மோலியைத் தேடும், தான் தோற்கப்போவது தெரிந்தே சண்டை போடுகிறவரின் பார்வை அது. பெர்க்கும் அவர் வசனம் பேசும்போது குறுக்கிடாமல், மேசைவிரிப்பின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டு, அலை அடங்கட்டும் என்று காத்திருப்பார். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர்களைப் போலவே இருக்கிறார்கள்.

மேடைக்கு வெளியே லோப் நடிகர் சங்கமான ஈக்விட்டியின் முன்னணி ஆள். ஒத்திகை நாட்களுக்கு நடிகர்களுக்குக் கூலி கிடையாது என்றிருந்த வழக்கத்தை எதிர்த்து 1930களில் போராடியவர்களில் முக்கியமானவர். வீட்டில் மனநோயால் பாதிக்கப்பட்ட மகன். தனியார் மருத்துவ இல்லத்தில் வைத்துப் பார்க்கும் செலவு முழுவதும் இவர் சம்பாத்தியத்தில்.

1950 ஜூனில், கம்யூனிச எதிர்ப்பாளர்கள் தொகுத்த 'ரெட் சேனல்ஸ்' என்ற புத்தகம் வெளியானது. வானொலி, தொலைக்காட்சிக் கலைஞர்கள் 151 பேரின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் கீழே அவர் எந்த அறிக்கையில் கையெழுத்திட்டார், எந்தக் கூட்டத்துக்குப் பெயர் கொடுத்தார் என்ற குறிப்புகள். லோபின் பெயர் அதில் இருந்தது. அவர் மீதான குறிப்புகளில் ஒன்று, பேஸ்பாலில் கறுப்பர்களை விலக்கிவைக்கும் வழக்கத்தை ஒழிக்கக் கோரிய குழுவை ஆதரித்தார் என்பது. அந்தப் புத்தகம் அச்சேறியபோது கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்கு ஆடத் தொடங்கி மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் புத்தகம் யாரையும் கம்யூனிஸ்ட் என்று நேரடியாகக் குற்றம் சாட்டவில்லை. சாட்ட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பெயர் வந்துவிட்டால் போதும், அந்த ஆள் 'சர்ச்சைக்குரியவர்'.

அது எப்படி வேலை செய்தது என்பதற்கு நடிகை ஜீன் மியூர் சாட்சி. அதே ஆண்டு ஆகஸ்டில் என்பிசியின் 'தி ஆல்ட்ரிச் ஃபேமிலி' தொடரில் தாயாக நடிக்க இருந்தார். சில தொலைபேசி அழைப்புகளும் தந்திகளும் வந்தன. நிகழ்ச்சி தொடங்கும் நாளிலேயே ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது, மியூர் நீக்கப்பட்டார். குற்றச்சாட்டு உண்மையா என்ற விசாரணைக்குள் விளம்பரதாரர் போகவே இல்லை; சர்ச்சைக்குரிய ஒருவர் இருந்தால் சரக்கு விற்பனை கெடும், அவ்வளவுதான் அவர்கள் வாதம். அந்த விளம்பரதாரரும் ஜெனரல் ஃபுட்ஸ்தான்.

அதே நிறுவனம் அதே காரணத்தைச் சொல்லி லோபை நீக்கும்படி பெர்க்கிடம் கேட்டது. அவர் மறுத்துவிட்டார். மறுத்ததோடு நிற்கவில்லை, வற்புறுத்தினால் நாடெங்கும் கிடைக்கிற மேடைகளில் எல்லாம் ஏறி நடந்ததைச் சொல்வேன் என்றார். மியூர் விவகாரத்தில் பத்திரிகைகளில் ஏற்கெனவே போதுமான அடி வாங்கியிருந்த நிறுவனம் பின்வாங்கியது. அந்த இலையுதிர் காலத்தில் லோப் வழக்கம்போல் ஜேக்காக வந்து கத்தினார், மோலி வழக்கம்போல் ஜன்னலில் காப்பி விற்றார். 1951 ஜனவரியில் சிறந்த நடிகைக்கான எம்மி விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது, இமோஜன் கோகா, பெட்டி ஒயிட், ஹெலன் ஹேஸ், ஜூடித் ஆண்டர்சன் ஆகியோரை மீறி அது பெர்க்குக்குக் கிடைத்தது.

வென்ற இடம் எது

எல்லோரும் 1952 ஜனவரியைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள், என் நண்பர் உட்பட. அது எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1951 வசந்தத்தில் ஜெனரல் ஃபுட்ஸ் விலகிக்கொண்டது. காரணம் லோப் அல்ல, சிக்கனம் என்றது. ஜூனில் சிபிஎஸ் தொடரை நிறுத்தியது. என்பிசி எடுத்துக்கொள்ள முன்வந்தது, ஆனால் அதற்கு விளம்பரதாரர் கிடைக்கவில்லை. லோப் இல்லாவிட்டால் வருகிறோம் என்பதே வந்தவர்களின் பேச்சு. இலையுதிர் காலம் முழுவதும் கோல்ட்பெர்க் குடும்பம் திரையில் இல்லை. மற்ற நடிகர்களும் தொழிலாளர்களும் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்காக இத்தனை பேர் பிழைப்பும் போவதா என்ற வாதம் பெர்க்கின் வாயிலிருந்தே வரத் தொடங்கியது. 1952 ஜனவரியில் லோப் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு விலகினார். பிப்ரவரியில் வேறொரு ஜேக்குடன், கால் மணி நேர நிகழ்ச்சியாக, தொடர் என்பிசியில் திரும்பி வந்தது.

இன்னும் ஆறு மாதம் நின்றிருக்கலாம் என்பவர்களுக்கு நான் கேட்கும் கேள்வி, நின்று யாரை நெருக்குவது என்பதுதான். வேலைநிறுத்தம் முதலாளியை ஏன் அசைக்கிறது? ஆலை ஓடாவிட்டால் அவருக்கு நஷ்டம் என்பதால். நிகழ்ச்சி நின்றுவிட்ட பிறகு பெர்க் பிடிவாதமாக இருந்ததால் எந்தக் காப்பி டப்பாவும் விற்காமல் தேங்கிவிடவில்லை. விளம்பரதாரர்கள் பணத்தை வேறு நிகழ்ச்சிக்குக் கொண்டுபோனார்கள். நஷ்டம் முழுவதும் ஸ்டூடியோவின் இந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத்தான். 1951 இலையுதிர் காலத்தில் அவர் இழுத்துப் பிடித்திருந்த கயிற்றின் மறுமுனையில் யாருமே இல்லை.

அதனால் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது 1950 செப்டம்பரில்தான். அப்போது அவர் கையில் எல்லாம் இருந்தது: வாரந்தோறும் வீட்டுக்குள் போகிற முகம், ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சி, மியூர் விவகாரத்தால் கூச்சப்பட்டிருந்த கம்பெனி, கொதித்திருந்த பத்திரிகைகள். மேடை மேடையாகப் பேசுவேன் என்ற மிரட்டல் பலித்தது, பலித்ததாலேயே அவர் பேசவில்லை. லோபின் வேலை தப்பியது. அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டு எல்லோரும் ஒத்திகைக்குத் திரும்பினார்கள். கம்பெனிக்கு அன்று தேவைப்பட்டது கால அவகாசம் மட்டுமே, அது கிடைத்துவிட்டது. தூசி அடங்கியதும், யாரும் கவனிக்காத வசந்த காலமொன்றில், லோபின் பெயரையே எடுக்காமல் 'சிக்கனம்' என்று சொல்லிவிட்டுப் போக முடிந்தது. ஜன்னலில் நின்று காப்பியைப் பற்றிச் சொன்ன அதே குரலில், எங்கள் ஜேக்கை வெளியே அனுப்பச் சொல்கிறார்கள் என்று மோலி ஒரே ஒருமுறை சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நேரலை, சொல்லிவிட்டால் யாரும் வெட்டி எடுக்க முடியாது. அன்றிரவே தொடர் நின்றிருக்கும் என்பதும் நிச்சயம்தான். ஆனால் ஒன்பது மாதம் கழித்து அது எப்படியும் நின்றது.

இதைச் சொல்லும்போதே இது அநியாயமான எதிர்பார்ப்பு என்பதும் தெரிகிறது. வென்றுவிட்டதாக நினைக்கிறவரிடம் போய், மறுபடி பணயம் வை என்று எவரும் சொல்ல மாட்டார்கள். அவருடைய தொழிலே விருந்தினர் கிளம்பிவிடாமல் பார்த்துக்கொள்வது. வெளியிலிருந்து வரும் கல்லைப் பற்றி எழுத அவருக்குத் தைரியம் இருந்தது. வாடகை கட்டுகிறவரின் கையில் கல் இருந்தபோது அதற்கு அவரிடம் கதை இல்லை. என் நண்பரின் தீர்ப்பிலிருந்து நான் விலகுவது இந்த அளவுக்குத்தான்: கைவிட்டார் என்பது சரி, ஆனால் கைவிட வேண்டிய நிலைமை கைவிட்ட நாளுக்கு வெகு முன்பே, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த நாளில் முடிவாகியிருந்தது.

லோப் 1952இல் செனட் உட்குழு முன் சாட்சியளித்து, தான் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் அல்ல என்று சத்தியம் செய்தார். பயனில்லை. தொலைக்காட்சி வாசல் திறக்கவே இல்லை. மேடையில் அவ்வப்போது வேலை கிடைத்தது. மகனைத் தனியார் இல்லத்தில் வைத்திருக்க முடியாமல் அரசு மருத்துவமனைக்கு மாற்றினார். சில காலம் நடிகர் ஜீரோ மாஸ்டெல் வீட்டில் தங்கியிருந்தார். 1955 செப்டம்பர் 1 அன்று நியூயார்க்கின் டாஃப்ட் ஹோட்டல் அறையொன்றில் தூக்க மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கி இறந்தார். இருபத்தொரு ஆண்டுகளுக்குப் பிறகு, 1976இல் வந்த 'தி ஃப்ரன்ட்' திரைப்படத்தில் லோபை மனத்தில் வைத்து எழுதப்பட்ட நகைச்சுவை நடிகர் வேடத்தை நடித்தவர் அதே மாஸ்டெல், அவரும் கருப்புப் பட்டியலில் இருந்தவர்தான்.

இதில் என்னை அதிகம் உறுத்துவது நடிகை லூசில் பால் விவகாரம். கோல்ட்பெர்க் குடும்பத்தை நிறுத்திய சிபிஎஸ், அதே 1951 அக்டோபரில், அதே திங்கட்கிழமை இரவில் அவர் நடித்த 'ஐ லவ் லூசி'யைத் தொடங்கியது. 1953 செப்டம்பரில், லூசில் பால் 1936இல் கம்யூனிஸ்ட் ஆதரவாளராக வாக்காளர் பட்டியலில் பதிந்திருந்தார் என்ற செய்தி வெடித்தது. அது வெறும் வதந்தியல்ல, ஆவணமே இருந்தது. தாத்தாவைத் திருப்திப்படுத்தச் செய்தேன் என்றார் அவர். விளம்பரதாரரான பிலிப் மோரிஸ் சிகரெட் கம்பெனி அசையவில்லை. ஒளிபரப்பு நிலையமும் அசையவில்லை. சில நாட்களில் அந்தப் பேச்சே ஓய்ந்துவிட்டது. கட்சியில் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தவருக்கு வேலை போனது, பெயரைப் பதிந்தவருக்குப் போகவில்லை. லூசில் பால் மீது எனக்குக் கோபம் இல்லை. கொள்கைக்காக ஆட்களை நீக்குகிறோம் என்று சொன்னவர்கள், முதலிடத்தில் இருக்கும் நிகழ்ச்சி என்று வந்தபோது கொள்கையை எங்கே வைத்தார்கள் என்று மட்டும் கேட்கலாம்.

பெர்க்கின் தொடர் அதன் பிறகு டூமாண்ட் நிலையத்துக்குப் போய், கடைசியில் 1955இல் படச்சுருளில் எடுக்கப்பட்டது. குடும்பம் பிராங்க்ஸைக் காலிசெய்துவிட்டு ஹேவர்வில் என்ற கற்பனைப் புறநகரில் குடியேறியிருந்தது. எதிர்வீட்டு மிஸஸ் ப்ளூமை 'யூ-ஹூ' என்று கூப்பிட அங்கே எதிரே ஜன்னல் இல்லை. ஜேக் வேடத்தில் ராபர்ட் ஹாரிஸ். குறை சொல்ல முடியாத நடிகர், ஆனால் அவர் கோபப்பட்டால் கோபம் மட்டுமே தெரிகிறது. பெர்க் ஓய்ந்துவிடவில்லை: 1959இல் பிராட்வேயில் 'எ மெஜாரிட்டி ஆஃப் ஒன்' நாடகத்துக்கு டோனி விருது பெற்றார், 1961இல் வயதான பின் கல்லூரிக்குப் போகும் பெண்ணாக இன்னொரு தொடரில் வந்தார், 1966 செப்டம்பரில் காலமானார். விருது வாங்கிய அந்த நாடகம் படமானபோது அவர் வேடம் ரோசலிண்ட் ரஸலுக்குப் போனது தனிக்கதை.

நேரலைப் பகுதிகளில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. படச்சுருளில் எடுத்த கடைசி ஆண்டுப் பகுதிகளே நன்றாகக் கிடைக்கின்றன. அதனால் இணையத்தில் தேடுகிறவர்கள் முதலில் போய் விழுவது புறநகர் வீட்டில்தான், இவ்வளவுதானா என்று மூடிவிட்டும் போவார்கள். தப்பிப் பிழைத்த 1949ஆம் ஆண்டுப் பகுதிகளிலிருந்து தொடங்குங்கள். வீட்டு வாடகையை வைத்து ஒரு பகுதி இருக்கிறது. அதில் லோப் சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வருவதையும், பெர்க் அவரை ஒரு வார்த்தை சொல்லாமல் உட்கார வைப்பதையும் பார்த்துவிட்டு, என் நண்பரின் பக்கமா என் பக்கமா என்று எழுதுங்கள்.